குழந்தைக்குக் கட்டில் வாங்குகிறீர்களா? அழகைவிட முக்கியமான சில சென்டிமீட்டர்கள்

உங்களுக்கோ, அக்காவுக்கோ, அண்ணிக்கோ குழந்தை பிறக்கப்போகிறது. வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியலில் முதல் வரியில் பெரும்பாலும் கட்டில்தான் இருக்கும். குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கும். இணையக் கடையில் தேடினால் 100 வெள்ளிக்கும் கட்டில் இருக்கிறது, 1,500 வெள்ளிக்கும் இருக்கிறது. சித்தி வீட்டுப் பொருள் அறையில் ஒன்று சும்மாக் கிடக்கிறது. பாட்டியோ, "கட்டிலெல்லாம் எதுக்கு? ஒரு ஏணை கட்டினாப் போதும்" என்கிறார்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

சுருக்கமான பதில்: பார்ப்பதற்கு ரொம்பச் சாதாரணமாக இருக்கும் கட்டிலே போதும். அது தட்டையாக இருக்கவேண்டும், கெட்டியாக இருக்கவேண்டும், உள்ளே எதுவும் இருக்கக்கூடாது. விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று சொல்லமுடியாது. ஆனால் சில அளவுகள் ஓரிரு சென்டிமீட்டர் தப்பினாலும் ஆபத்து.

ஏன் இவ்வளவு கவனம்?

குழந்தைக்காக வாங்கும் மற்ற எல்லாப் பொருள்களையும் நீங்கள் பக்கத்தில் இருந்துதான் பயன்படுத்துவீர்கள். கட்டில் அப்படியல்ல. குழந்தையை அதில் விட்டுவிட்டு நீங்களும் தூங்கிவிடுவீர்கள். அதனால் கட்டிலில் இருக்கும் குறை வெளியே தெரியும் நேரத்தில், பார்த்துக்கொள்ள யாரும் விழித்திருக்கமாட்டார்கள்.

அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 3,500 குழந்தைகள் தூக்கத்தின்போது இறந்துபோகின்றன. சிலவற்றுக்குக் காரணம் தெரிவதில்லை. அதைத்தான் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். மற்றவை மூச்சுத் திணறல், இடுக்கில் சிக்கிக்கொள்ளுதல் போன்றவை. பெரும்பாலானவை குழந்தைக்கு 6 மாதம் ஆவதற்கு முன் நடக்கின்றன. அந்த வயதில் பிள்ளையால் தலையைச் சரியாகத் தூக்கமுடியாது. மூக்கை அடைக்கும் துணியைக் கையால் தள்ளிவிடவும் தெரியாது.

கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி?

கடைக்குப் போகும்போது அளவுநாடா ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். விற்பனையாளர் ஒருமாதிரி பார்த்தாலும் பரவாயில்லை.

பக்கவாட்டில் நிற்கும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்குமேல் இடைவெளி இருக்கக்கூடாது என்பது அமெரிக்க விதி. ஐரோப்பியத் தரநிலை 6.5 சென்டிமீட்டர்வரை அனுமதிக்கிறது. ஏன் இந்த அளவு? குழந்தையின் தலை பெரிது, இடுப்பு சிறிது. இடைவெளி அகலமாக இருந்தால் கால் முதலில் வெளியே போகும், பின்னாலேயே இடுப்பும் வயிறும் போகும். தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். உடம்பின் எடை முழுவதையும் கழுத்து தாங்கவேண்டிவரும். கை மாட்டிக்கொள்வதுபற்றித்தான் பெரியவர்கள் கவலைப்படுவார்கள். அந்த விதி எழுதப்பட்டது கழுத்துக்காக.

அளவுநாடா இல்லையா? சாதாரணக் குண்டு வடிவ பானக் கேன் ஒன்று போதும். அது கம்பிகளுக்கு நடுவே நுழைந்து வெளியே வந்தால் அந்தக் கட்டில் வேண்டாம். இப்போது வரும் ஒல்லிக் கேனை வைத்துச் சோதித்துவிடாதீர்கள். அது நல்ல கட்டிலிலும் நுழைந்துவிடும்.

அப்படியே தலைப்பக்கப் பலகையையும் பாருங்கள். இதயம், நிலா, நட்சத்திரம் என்று வடிவம் வெட்டியிருந்தால் படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் அந்த ஓட்டையிலும் தலையோ கையோ சிக்கலாம். நான்கு மூலையிலும் தூண்கள் உருண்டையாக மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா? எழுந்து நிற்கப் பழகும் பிள்ளையின் சட்டைக் கழுத்து அதில் மாட்டிக்கொள்ளும். தூண் பக்கச் சட்டத்தோடு சமமாக முடியவேண்டும்.

மெத்தை: நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான்

சிங்கப்பூரில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே ஐரோப்பிய அளவுக் கட்டிலும் கிடைக்கும், அமெரிக்க அளவுக் கட்டிலும் கிடைக்கும். ஐரோப்பியக் கட்டிலின் மெத்தை பொதுவாக 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். அமெரிக்கக் கட்டிலின் உட்பக்கம் ஏறக்குறைய 133 செ.மீ. நீளம், 71 செ.மீ. அகலம். கட்டிலை ஒருவரிடமும் மெத்தையை இன்னொருவரிடமும் இணையத்தில் மலிவாக வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அளவு மாறிவிட்டால் பக்கத்தில் 11 சென்டிமீட்டர் பள்ளம் விழும். புரண்டு படுக்கும் குழந்தை அதற்குள் முகம் புதையச் சரிந்துவிடலாம்.

"இடைவெளியில துணியைச் சுருட்டி வச்சுக்கலாமே?" வேண்டாம். அந்தத் துணியே அடுத்த ஆபத்து. மெத்தையை மாற்றுவது ஒன்றுதான் வழி.

சோதிப்பது சுலபம். மெத்தையைக் கட்டிலுக்குள் போட்டு, ஓரத்தில் இரண்டு விரலைச் சேர்த்து நுழைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்குமேல் இடமிருந்தால் மெத்தை சிறியது. அடுத்து, நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். கையை எடுத்தவுடன் மெத்தை மேலே வந்துவிடவேண்டும். கை பதிந்த பள்ளம் மெல்ல மெல்ல மறைந்தால் அது குழந்தைக்கு ஆகாது. பெரியவர்களுக்குச் சுகமான மெமரி ஃபோம், பாட்டி ஆசையாகத் தைத்துக்கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை இரண்டும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். நல்ல குழந்தை மெத்தை உங்கள் கைக்குக் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் தோன்றும். பிள்ளைக்கு வலிக்குமோ என்று யோசிக்காதீர்கள். 4 கிலோ எடைக்கு அது போதுமான மென்மை.

நம் ஊர் ஈரப்பதத்தையும் மறக்கவேண்டாம். மெத்தைக்குக் கீழே முழுப் பலகை இருப்பதைவிட, காற்றுப்போகும்படி இடைவெளிவிட்ட சட்டங்கள் இருப்பது நல்லது. பூசணம் பிடிக்காது. விரிப்பு நான்கு பக்கமும் இறுக்கமாக மாட்டும் வகையாக இருக்கட்டும்.

பக்கம் இறங்கும் கட்டில் வசதியானதுதானே?

குனியாமல் பிள்ளையைத் தூக்க வசதியாக, ஒருபக்கச் சட்டம் மேலும் கீழும் நகரும் கட்டில்கள் உண்டு. சிசேரியன் ஆன தாய்மார்களுக்கு அது பெரிய உதவி என்பதை மறுக்கமுடியாது. ஆனால் நகரும் பாகம் சீக்கிரம் தேயும். கொக்கி உடைந்து சட்டம் ஒருபக்கம் மட்டும் விலகினால், மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே கூம்பு வடிவில் இடுக்கு உண்டாகும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலிருந்து குறைந்தது 32 குழந்தைகள் இப்படிப்பட்ட கட்டில்களில் சிக்கி இறந்தன. அந்த நாடு 2011 ஜூன் மாதம் அவற்றின் தயாரிப்பையும் விற்பனையையும் தடைசெய்தது.

எல்லா நாடும் அப்படித் தடைசெய்யவில்லை. ஐரோப்பியத் தரநிலை அவற்றை அனுமதிக்கிறது. எனவே இங்கே கடையிலும் அவற்றைப் பார்ப்பீர்கள். புதிதாக, தரநிலைக்கு உட்பட்டதாக இருந்தால் அது உங்கள் முடிவு. ஆனால் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள்.

சித்தி வீட்டுக் கட்டிலை வாங்கிக்கொள்ளலாமா?

காசு மிச்சம், குடும்ப நினைவு, பொருளும் வீணாகாது. எல்லாம் சரி. சரிபார்த்துவிட்டு வாங்கிக்கொள்வதில் தவறில்லை. கெரோசலில் முன்பின் தெரியாதவரிடம் வாங்கினாலும் இதே சரிபார்ப்புதான்.

எத்தனை வருடப் பழையது என்று முதலில் கேளுங்கள். 10 ஆண்டைத் தாண்டியிருந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடலாம். அந்தக் காலத் தரநிலை வேறு. ரொம்பப் பழைய கட்டிலின் சாயத்தில் ஈயம் இருக்கவும் வாய்ப்புண்டு. பல் முளைக்கும் பிள்ளை முதலில் கடிப்பதே அந்தச் சட்டத்தைத்தான்.

பிறகு, கட்டிலை முழுமையாகப் பூட்டிய நிலையில் பார்க்கவேண்டும். பிரித்துப் பலகையாகச் சாய்த்து வைத்திருப்பதைப் படத்தில் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். கழற்றி மாட்டும்போது தொலைவது திருகாணிதான். அதற்குப் பதிலாகக் கடையில் கிடைத்த ஏதோ ஒன்றைப் போட்டிருப்பார்கள். சட்டத்தைப் பிடித்து ஆட்டிப்பாருங்கள். ஆடினால், கிறீச்சிட்டால், கம்பி சுழன்றால் வேண்டாம். கடைசியாக, மாடலின் பெயரையும் எண்ணையும் இணையத்தில் தேடுங்கள். அது சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்ட பொருளா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சித்திக்கு மனசு கஷ்டமாகுமே என்றால்? "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

வெறும் கட்டிலிலா பிள்ளையைப் போடுவது?

உண்மையான போராட்டம் கடையில் நடப்பதில்லை, வீட்டில்தான். மெத்தை, விரிப்பு, குழந்தை. கட்டிலுக்குள் இருக்கவேண்டியது இந்த மூன்றும் மட்டுமே. தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூடாது. பார்க்கிற பெரியவர்களுக்கு அது ஏதோ அனாதைப் பிள்ளையைப் படுக்கவைத்ததுபோல் இருக்கும்.

சுற்றிலும் கட்டும் பஞ்சுத் திண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பர் என்பார்கள். தலை இடிக்காமல் இருக்க அது நல்லதுதானே என்று தோன்றும். இடிபட்டால் ஒரு சிவப்புத் தழும்பு வரும், அவ்வளவுதான். திண்டில் முகம் அழுந்தினால் மூச்சு அடைக்கும். அமெரிக்காவில் 2022இல் இயற்றப்பட்ட சட்டம் பஞ்சு வைத்த பம்பர்களை அடியோடு தடைசெய்தது. இங்கே கட்டில் தொகுப்போடு இலவசமாகவே வரலாம். வந்தால் எடுத்து வைத்துவிடுங்கள்.

பச்சைப்பயற்றுத் தோல் நிரப்பிய சின்னத் தலையணையும் நம் ஊரில் பிரபலம். பிள்ளை திடுக்கிடாமல் தூங்கும் என்று நெஞ்சின்மேல் வைப்பார்கள். அது நகர்ந்து முகத்துக்கு வர அதிக நேரம் ஆகாது. தலை தட்டையாகிவிடுமே என்று குழிவைத்த தலையணை வாங்குவோரும் உண்டு. அதற்கு மருந்து வேறு. விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, சிறிது நேரம் குப்புறப் போடுங்கள். கழுத்தும் பலப்படும், தலையும் உருண்டையாகும்.

தூங்கும்போது மல்லாக்கத்தான். "உங்கப்பாவையெல்லாம் குப்புறப் போட்டுத்தான் வளர்த்தேன்" என்று பாட்டி சொன்னால் அது பொய்யில்லை. அன்றைக்குப் பல நாடுகளில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். பிறகுதான் ஆய்வுகள் வேறு கதை சொல்லின. பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி இயக்கங்கள் தொடங்கின. அமெரிக்காவில் திடீர் சிசு மரணம் பாதிக்கும் கீழே குறைந்தது. மருந்தில்லை, கருவியில்லை. பிள்ளையைத் திருப்பிப் போட்டதுதான் செய்த மாற்றம். பாட்டியிடம் வாதாடுவதைவிட இந்தக் கதையைச் சொல்லிப்பாருங்கள். வேலை செய்யக்கூடும்.

இன்னொன்று. கழுத்தில் சங்கிலி, கறுப்புக் கயிறு, தாயத்து, கையில் வசம்பு வளையல். நம் வீடுகளில் இவற்றுக்கு இடம் உண்டு. தூங்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள். சங்கிலி கம்பியில் மாட்டலாம், வசம்பு மணி அறுந்து வாய்க்குள் போகலாம். கன்னத்தில் வைக்கும் கறுப்புப் பொட்டால் மூச்சு அடைக்காது. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்போ ஏணை?

ஏணை, தூளி, மலாய்க்காரர் வீட்டில் புவாய். பெயர் பல, பொருள் ஒன்று. சேலையோ சாரோங்கோ, மேலே ஸ்பிரிங், ஒரு கொக்கி. அழுகிற பிள்ளை ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடும். தலைமுறை தலைமுறையாக அதில்தான் தூங்கினோம். அதை ஒரேயடியாகக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது.

ஆனால் அதில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏணையின் அடிப்பக்கம் வளைவு. அதில் படுக்கும் பச்சிளங் குழந்தையின் முதுகு வளைந்து, கனமான தலை முன்னால் சாயும். முகவாய் நெஞ்சில் முட்டும். குழந்தையின் மூச்சுக்குழாய் மென்மையானது. இரப்பர்க் குழாயை மடித்தால் தண்ணீர் குறைவதுபோல் காற்றும் குறையும். பிள்ளை அழாது, உதைக்காது. அமைதியாகத் தூங்குவதுபோலவே தெரியும்.

சாய்வான படுக்கையில் இதே கோளாறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் ராக் 'ன் பிளே சாய்வுப் படுக்கை அமெரிக்காவில் அமோகமாக விற்பனையானது. 2019 ஏப்ரலில் சுமார் 4.7 மில்லியன் படுக்கைகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. அந்தப் படுக்கையில் சுமார் 100 குழந்தைகள் இறந்ததாகத் தகவல் வந்துள்ளது என்று அந்நாட்டுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் தெரிவித்தது. 10 டிகிரிக்குமேல் சாயும் குழந்தைப் படுக்கைகளுக்கு இப்போது அங்கே தடை. ஏணையின் வளைவு அந்த 10 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும்.

அதோடு விழும் ஆபத்தும் இருக்கிறது. ஸ்பிரிங் தளரும், கொக்கி தேயும், துணி இற்றுப்போகும். புரளவும் உட்காரவும் தெரிந்த பிள்ளை எட்டிப்பார்க்க முயன்றால் குப்புற விழும். அண்ணனோ அக்காவோ வேகமாக ஆட்டினால் சுவரில் மோதும்.

பெயர் சூட்டும் நாளில் சேலைத் தொட்டில் கட்டி, எல்லாரும் ஆட்டி, தாலாட்டுப் பாடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. பகலில் ஒருவர் கையெட்டும் தூரத்தில் விழித்திருந்து ஆட்டுகிறார் என்றால்கூட ஆபத்து குறைவு. பிள்ளை கண்ணயர்ந்ததும் கட்டிலுக்கு மாற்றிவிடவேண்டும். "மாத்தினா முழிச்சுக்குதே!" ஆமாம், முழித்துக்கொள்ளும். முதல் சில நாள் கஷ்டம்தான். அதனால்தான் இரவுத் தூக்கத்துக்கு முதல் நாளிலிருந்தே கட்டிலைப் பழக்குவது சுலபம். மின்சாரத்தில் தானாக ஆடும் தொட்டில், ஊஞ்சல் நாற்காலி, கார் இருக்கை எல்லாவற்றுக்கும் இதே விதி: தூங்கிவிட்டால் மாற்றுங்கள்.

சின்ன வீடு, சின்ன அறை

வீவக வீட்டின் படுக்கையறையில் பெரிய கட்டிலும் அலமாரியும் போட்டபிறகு குழந்தைக் கட்டிலுக்கு இடம் கிடைப்பதே அதிர்ஷ்டம். வாங்கும்முன் அறையையும் கதவையும் அளந்துவிடுங்கள். குறைந்தது முதல் 6 மாதம் குழந்தை உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்குவது நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பரிந்துரைக்கிறது. எனவே தனி அறை இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை.

இடம் போதாவிட்டால் மடக்கக்கூடிய பிளேபென்னும் சரியான தேர்வுதான். அதோடு வரும் மெல்லிய மெத்தையைப் பார்த்து "இதுல எப்படித் தூங்கும்?" என்று இன்னொரு மெத்தையை மேலே போட்டுவிடாதீர்கள். பக்கவலைக்கும் மெத்தைக்கும் நடுவே பிள்ளை சிக்கிக்கொள்ளும். உங்கள் கட்டிலோடு ஒட்டி நிற்கும் சிறு படுக்கையாக இருந்தால், இரண்டுக்கும் நடுவே விரலிடுக்குகூட இல்லாமல் இறுக்கிக் கட்டுங்கள்.

ஒரே மெத்தையில் அணைத்துக்கொண்டு தூங்குவது நம் பழக்கம். மருத்துவர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. இருந்தாலும் அதிகாலை மூன்று மணிக்குப் பால் கொடுக்கும்போது கண் சொருகத்தான் செய்யும். அப்படி ஆகும் என்று தெரிந்தால் சோஃபாவில் உட்காராதீர்கள். சோஃபா இடுக்கு மிக ஆபத்தானது. தலையணை, போர்வையை ஒதுக்கிவிட்டுப் படுக்கையில் உட்கார்ந்து கொடுங்கள். விழித்ததும் பிள்ளையைக் கட்டிலில் விடுங்கள்.

கட்டிலை ஜன்னலோரம் போடவேண்டாம். நிற்கப் பழகிய பிள்ளைக்குக் கட்டிலே ஏணியாகிவிடும். ஜன்னல் திரையின் கயிறு எட்டாத தூரத்தில் இருக்கவேண்டும். கண்காணிப்புக் கேமராவின் வயருக்குக் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். கட்டிலுக்கு நேர்மேலே கண்ணாடிச் சட்டம் போட்ட படம் எதையும் மாட்டாதீர்கள், சாமி படமாக இருந்தாலும்.

எந்த முத்திரையைத் தேடுவது?

மின்விசிறியிலும் சோற்றுப் பானையிலும் பார்க்கும் சிங்கப்பூர்ப் பாதுகாப்பு முத்திரையைக் கட்டிலில் தேடிக் குழம்பவேண்டாம். அது குறிப்பிட்ட மின்சார, எரிவாயுப் பொருள்களுக்கானது. கட்டில், பொம்மை, மெத்தை போன்றவை 2011இல் நடப்புக்கு வந்த பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு விதிமுறைகளின்கீழ் வருகின்றன. அதன்படி அவை அனைத்துலக, ஐரோப்பிய அல்லது அமெரிக்கத் தரநிலைகளுக்கு ஏற்ப இருக்கவேண்டும். ஆனால் விற்பனைக்கு வருமுன் ஒவ்வொன்றையும் சோதித்து அனுமதி தருவதில்லை. ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு ஓரளவு உங்களுடையது.

பெட்டியிலோ கையேட்டிலோ இவற்றில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்: ஐரோப்பாவின் இஎன் 716, அனைத்துலகத் தரநிலை ஐஎஸ்ஓ 7175, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்1169, ஆஸ்திரேலியா-நியூசிலாந்தின் 2172. பிளேபென்னுக்கு ஏஎஸ்டிஎம் எஃப்406. "தரமான மரம்", "நச்சில்லாதது", "அம்மாக்களின் முதல் தேர்வு" போன்ற வாசகங்கள் தரநிலை ஆகா. இணையத்தில் விற்பவரிடம் எண்ணைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

பிள்ளை வளர வளர

பிறந்த புதிதில் மெத்தையை மேல்நிலையில் வைத்தால் உங்கள் முதுகுக்கு நல்லது. பிள்ளை கையூன்றி எழவோ உட்காரவோ தொடங்கியவுடன் கீழே இறக்கிவிடுங்கள். மிகக் கீழான நிலையில், மெத்தைக்கும் பக்கச் சட்டத்தின் உச்சிக்கும் நடுவே குறைந்தது 50 செ.மீ. உயரம் இருக்கவேண்டும். மேலே தொங்கும் சுழல் பொம்மையையும் 5 மாதத்துக்குள் கழற்றிவிடுவது நல்லது.

உயரம் சுமார் 89 செ.மீ. ஆகிவிட்டாலோ, ஒரு காலைத் தூக்கிச் சட்டத்தின்மேல் போட்டுப் பார்த்தாலோ, கட்டிலின் வேலை முடிந்தது. தரையில் மெத்தை போட்டுப் படுக்கவைக்கலாம்.

கட்டிலை இன்னொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால், கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் ஒரு பையில் போட்டு, கையேட்டோடு சேர்த்துக் கட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். வாங்கிய தேதியையும் மேலே எழுதிவையுங்கள். கையேடு தொலைந்திருந்தால் பெரும்பாலான நிறுவனங்களின் இணையப் பக்கத்தில் மாடல் எண்ணைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.